பழைய கார் ஸ்டீரியோவில் போன் பாட்டு: எஃப்எம் டிரான்ஸ்மிட்டரை அமைக்கும் முறை

ரேடியோவும் சிடி பிளேயரும் மட்டும் உள்ள கார்கள் நம் ரோட்டில் இன்னும் ஏராளம். ஸ்டீரியோவைக் கழற்றாமல், ஒயரில் கை வைக்காமல், போனில் இருக்கும் பாட்டை அந்தக் காரின் ஸ்பீக்கரில் கேட்க எஃப்எம் டிரான்ஸ்மிட்டர் போதும். சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகும் சின்னக் கருவி. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. வாங்கிச் செருகி ஒரு நாள் கேட்டுவிட்டு, "ஒரே இரைச்சல்" என்று டேஷ்போர்டு அறைக்குள் தூக்கிப் போட்டுவிடுகிறவர்களும் நிறையப் பேர். வேறு கருவி வாங்கினாலும் அந்த இரைச்சல் பெரும்பாலும் கூடவே வரும். எந்த அலைவரிசையில் வைக்கிறோம், கருவி எங்கே இருக்கிறது, சத்தத்தை எந்த இடத்தில் கூட்டுகிறோம் என்ற மூன்றில்தான் விஷயம் இருக்கிறது. அதிலும் அலைவரிசைதான் பாதிக்கு மேல்.

உள்ளே என்ன நடக்கிறது

இந்தக் கருவி ஒரு குட்டி வானொலி நிலையம். போனிலிருந்து ப்ளூடூத் வழியாகவோ 3.5 மி.மீ. ஒயர் (ஹெட்போன் முனை) வழியாகவோ பாட்டை வாங்கி, 87.5 முதல் 108 மெகாஹெர்ட்ஸுக்குள் நீங்கள் வைத்த எண்ணில் ஒலிபரப்புகிறது. கார் ரேடியோ அதை இன்னொரு நிலையம் என்று நினைத்து வாசிக்கிறது. ஆனால் பலத்தில் இரண்டும் ஒன்றல்ல. நகரத்து எஃப்எம் நிலையங்கள் கிலோவாட் கணக்கில் ஒலிபரப்புகின்றன. இந்தக் கருவிக்கு ஐரோப்பாவில் அனுமதித்திருக்கும் அளவு 50 நானோவாட், அதாவது ஒரு வாட்டில் இரண்டு கோடியில் ஒரு பங்கு. அமெரிக்காவில் 3 மீட்டர் தூரத்தில் அலையின் பலம் மீட்டருக்கு 250 மைக்ரோவோல்ட்டுக்கு மேல் போகக் கூடாது. பக்கத்து வீட்டு ரேடியோவில் நம் பாட்டு கேட்கக் கூடாது என்பதற்காகவே வைத்த வரம்பு இது.

எஃப்எம் ரேடியோவுக்கு ஒரு குணம் உண்டு. ஒரே எண்ணில் இரண்டு பேர் ஒலிபரப்பினால் இரண்டையும் கலந்து தராது; பலமானதைப் பிடித்துக்கொண்டு மற்றதை விட்டுவிடும். நெடுஞ்சாலையில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது திடீரென்று நகைக்கடை விளம்பரம் வந்து, அடுத்த வளைவில் மறுபடி நம் பாட்டே திரும்புவது இதனால்தான். அந்த இடத்தில் வெளி நிலையம் ஜெயித்திருக்கிறது. நம் கருவியின் பலத்தைக் கூட்ட வழியில்லை என்பதால், எதிரில் யாருமே இல்லாத எண்ணாகப் பார்த்து உட்கார வேண்டும்.

வாங்கும் முன்

முதலில் ஸ்டீரியோவின் முகப்பைப் பாருங்கள். 3.5 மி.மீ. ஆக்ஸ் ஓட்டை (வெளிக் கருவியின் பாட்டை ஒயரில் வாங்குவது) இருந்தால் டிரான்ஸ்மிட்டரே வேண்டாம். அதில் செருகும் ப்ளூடூத் ரிசீவர் இதைவிடத் தெளிவாகப் பாடும். முகப்பில் காணவில்லை என்றால் கியர் பக்கமும் டேஷ்போர்டு அறைக்குள்ளும் ஒரு முறை தேடுங்கள். கேசட் பிளேயர் இருந்தால், ஒயர் வைத்த கேசட் அடாப்டரும் நல்ல மாற்று. எஃப்எம் ஒலிபரப்பில் பாட்டின் உச்ச அதிர்வு 15 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடும், கூடவே லேசான இரைச்சலும் இருக்கும். வேறு வழி இருக்கும்போது இதைத் தேர்ந்தெடுக்கக் காரணமில்லை.

வேறு வழி இல்லையென்றால், கடையில் இவற்றைப் பாருங்கள். 87.5 முதல் 108.0 வரை 0.1 மெகாஹெர்ட்ஸ் படியாக எல்லா எண்ணையும் வைக்க முடிய வேண்டும். நாலைந்து எண் மட்டும் தரும் மாடல்களை விட்டுவிடுங்கள். அந்த நாலைந்தும் உங்கள் ஊரில் நிலையங்களாக இருந்தால் பிறகு ஒன்றும் செய்ய முடியாது. வைத்த எண்ணை மின்சாரம் போன பிறகும் நினைவில் வைத்திருக்க வேண்டும். ப்ளூடூத் தகராறு செய்யும் நாளுக்காக 3.5 மி.மீ. உள்ளீடும் இருப்பது நல்லது. லாரி, பஸ்ஸில் 24 வோல்ட் பேட்டரி. கருவியின் மேல் "12–24 வோல்ட்" என்று அச்சடித்திருக்கிறதா என்று படித்துவிட்டு வாங்குங்கள். 12 வோல்ட் கருவியை 24 வோல்ட்டில் செருகினால் அதோடு முடிந்தது.

பேட்டரி வோல்ட்டேஜ் காட்டும் மாடல் கிடைத்தால் நல்லது. இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை காட்டினால் ஆல்டர்னேட்டர் (பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் கருவி) வேலை செய்கிறது என்று அர்த்தம். "ஐம்பது மீட்டர் எட்டும்" என்று விற்பவற்றை மட்டும் தொடாதீர்கள். உரிமம் இல்லாமல் அந்தப் பலத்தில் ஒலிபரப்புவது குற்றம். அதோடு, காருக்குள் அத்தனை தூரம் எதற்கு?

காலி எண்ணைக் கண்டுபிடிப்பது

அவசரப்படாமல் செய்ய வேண்டிய இடம் இது. அரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

1. கருவியைச் செருகாதீர்கள். இன்ஜினை ஓடவிட்டு ரேடியோவை எஃப்எம்மில் வையுங்கள். தானாகத் தேடும் பொத்தான் வேண்டாம். அது நிலையம் இருக்கும் இடத்தில்தான் நிற்கும். நமக்கு வேண்டியது இல்லாத இடம். கையால் 87.5-இலிருந்து 0.1 ஆக மேலே போங்கள்.

2. ஒவ்வொரு எண்ணிலும் ஐந்தாறு விநாடி கேளுங்கள். ஒரே சீரான "உஸ்ஸ்" மட்டும் கேட்டால் அந்த எண் காலி. அந்த உஸ்ஸுக்கு அடியில் யாரோ தூரத்தில் பேசுவது போல் இருந்தாலோ, உஸ் கூடிக் குறைந்தாலோ, அங்கே தூரத்து நிலையம் ஒன்று இருக்கிறது. விட்டுவிடுங்கள்.

3. காலி என்று தோன்றும் எண்ணுக்கு இரண்டு பக்கமும் 0.2 தள்ளிப் பாருங்கள். அங்கும் உஸ்தான் கேட்க வேண்டும். ஒரு எஃப்எம் நிலையம் சுமார் 0.2 மெகாஹெர்ட்ஸ் அகலத்தை எடுத்துக்கொள்ளும். பலமான நிலையமென்றால் பக்கத்து எண்ணிலும் வழியும். 0.4 தள்ளியும் அமைதியாக இருந்தால் அருமை.

4. இப்படி மூன்று எண்களைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஒன்று போதாது.

5. அந்த மூன்றையும் ஒரு மேம்பாலத்தின் மேல் போகும்போது திரும்பக் கேளுங்கள். கட்டடங்களுக்கு நடுவில் காலியாக இருந்த எண்ணில், உயரத்துக்குப் போனதும் பக்கத்து மாவட்ட நிலையம் எட்டிப் பார்க்கும். மேம்பாலத்திலும் உஸ் என்று இருப்பதுதான் உங்கள் முதல் எண். இந்தச் சோதனையை வண்டி ஓட்டுபவர் செய்யக் கூடாது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் செய்யட்டும்.

6. ஸ்டீரியோவில் முதல் மூன்று பொத்தான்களில் இந்த எண்களைப் பதிந்துவிடுங்கள்.

சென்னையை எடுத்துக்கொண்டால் 91.1-இல் ரேடியோ சிட்டி, 92.7-இல் பிக், 93.5-இல் சூரியன், 98.3-இல் மிர்ச்சி, 101.4-இல் அகில இந்திய வானொலியின் ரெயின்போ, 104.8-இல் சென்னை லைவ், 106.4-இல் ஹலோ என்று வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். தனியார் நிலையங்களுக்கு இடையே 0.8 மெகாஹெர்ட்ஸ் இடைவெளி விட்டுத்தான் எண் ஒதுக்கியிருக்கிறார்கள். 91.1-க்கும் 92.7-க்கும் நடுவில் இடம் இருக்கிறதே என்று பார்த்தால் அங்கே 91.9-இல் இன்னொருவர் இருக்கலாம். பட்டையின் இரண்டு ஓரமும் காலி என்று நம்பி அங்கே போகிறவர்கள் சமுதாய வானொலியில் மாட்டிக்கொள்வார்கள். 2004-இல் தொடங்கிய அண்ணா பல்கலைக்கழக நிலையம் 90.4-இல் இருக்கிறது, 107.8 பக்கமும் கல்லூரி நிலையம் உண்டு. இவை பலம் குறைந்தவை. பல்கலைக்கழகம் இருக்கும் கிண்டியைச் சுற்றி இடைஞ்சல் செய்யும் எண், தள்ளியிருக்கும் ஆவடியில் காலியாகக்கூட இருக்கலாம்.

87.5 நல்ல எண்தானே என்றால், அதில் வேறு ஒரு சிக்கல். நிறையக் கருவிகள் கடையிலிருந்து வரும்போதே அந்த எண்ணில்தான் இருக்கும். பலர் மாற்றுவதே இல்லை. சுங்கச்சாவடி வரிசையில் நிற்கும்போது பக்கத்துக் கார்க்காரரின் கானா பாட்டு உங்கள் ஸ்பீக்கரில் பாடும், உங்கள் பாட்டு அவர் வண்டியில் பாடும். 87.7, 87.9, 88.2 என்று கொஞ்சம் தள்ளி வையுங்கள்.

நெடுந்தூரம் போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. 93.5-உம் 106.4-உம் சென்னையில் மட்டுமல்ல, திருச்சி, மதுரை, கோவை என்று ஊருக்கு ஊர் திரும்ப வரும் எண்கள். அவற்றின் பக்கமே போக வேண்டாம். திண்டுக்கல், தேனி, மதுரை வட்டாரத்தில் 100.5-ஐச் சுற்றியும் இடம் கிடையாது. கொடைக்கானல் மலை மேலிருந்து வரும் அகில இந்திய வானொலி அது. அந்த உயரத்தால் சமவெளியில் வெகுதூரம் எட்டும். கடற்கரை ஓரமாக, குறிப்பாக நாகப்பட்டினம், இராமேசுவரம் பக்கம் போனால், பகலில் காலியாக இருந்த எண்ணில் ராத்திரி இலங்கை நிலையம் தெளிவாக ஒலிக்கும். கடல் மேல் காற்று அடுக்கடுக்காகப் படியும்போது அலைகள் மேலே தப்பாமல் வளைந்து கடல் தாண்டி வருவதால் இப்படி. அந்த நேரத்துக்குத்தான் மூன்று எண்.

செருகி ஓடவிடுவது

இன்ஜினை ஸ்டார்ட் செய்த பிறகு கருவியைச் செருகுங்கள். ஸ்டார்ட்டர் மோட்டார் சுழலும்போது வோல்ட்டேஜ் சட்டென்று இறங்கி ஏறும். மலிவான கருவிகளுக்கு அது ஆகாது. செருகியும் விளக்கு எரியவில்லையென்றால் சாக்கெட்டின் அடியில் தூசியோ பழைய சாம்பலோ இருக்கும். சாவியை எடுத்துவிட்டு உலர்ந்த துணியால் துடையுங்கள். அப்படியும் எரியாவிட்டால் காரின் ஃபியூஸ் பெட்டியில் சாக்கெட்டுக்கான ஃபியூஸைப் பாருங்கள். சில கருவிகளின் முனையைத் திருகினால் உள்ளே சின்னக் கண்ணாடி ஃபியூஸ் ஒன்று இருக்கும், அதையும் பாருங்கள். போனதற்குப் பதில் அதே ஆம்பியர் ஃபியூஸைத்தான் போட வேண்டும்.

கருவியில் முதல் எண்ணை வைத்து, ரேடியோவையும் அதே எண்ணில் வையுங்கள். உஸ் நின்று அமைதியானால் கருவியை ரேடியோ பிடித்துவிட்டது. பாட்டு ஓடாதபோதே இதைத் தெரிந்துகொள்ளலாம். உஸ் குறையவே இல்லை என்றால் பாட்டை ஓட்டி வீணாகக் காத்திருக்க வேண்டாம்; எண் பொருந்தவில்லை, அல்லது அலை ஆன்டெனாவை எட்டவில்லை.

பிறகு போனில் ப்ளூடூத்தைத் திறந்து கருவியின் மாடல் பெயரைத் தொடுங்கள். ரகசிய எண் கேட்டால் 0000 அல்லது 1234. இணைந்தும் பாட்டு போனிலேயே ஒலித்தால், போனின் ப்ளூடூத் பட்டியலில் அந்தப் பெயருக்குப் பக்கத்தில் உள்ள பல்சக்கரத்தைத் தொட்டு "மீடியா ஆடியோ" எரிகிறதா என்று பாருங்கள். அழைப்புக்கு மட்டும் இணைந்திருக்கும். அதே பட்டியலில் அழைப்பை அணைத்து வைப்பதும் நல்லது. கருவியின் மைக் கியர் உயரத்தில் இருப்பதால் எதிர்முனையில் இருப்பவருக்கு ஏசி காற்றின் சத்தம்தான் கேட்கும். காரில் ஏறியதும் வேறு யாருடைய போனோ முந்திக்கொண்டு இணைந்தால், அந்தப் போனில் கருவியின் பெயரை அழித்துவிடச் சொல்லுங்கள்.

சத்தத்தைச் சரிசெய்வது

மூன்று இடத்தில் ஒலி அளவு இருக்கிறது: போன், கருவி, ஸ்டீரியோ. எதை முதலில் கூட்டுவது என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள்.

ஏதாவது ஒரு எஃப்எம் நிலையத்தை வழக்கமாகக் கேட்கும் அளவில் ஸ்டீரியோவை வையுங்கள். அதற்குப் பிறகு அதைத் தொடாதீர்கள். போனை முக்கால் அளவுக்குக் கொஞ்சம் மேலே வையுங்கள். இப்போது கருவியின் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, நிலையத்தின் சத்தத்துக்குச் சமமாகக் கொண்டுவாருங்கள். பெண் குரல் பாட்டு ஒன்றைப் போட்டு 'ஸ', 'ச' வரும் இடங்களைக் கவனியுங்கள். அந்த எழுத்துகள் சிதறி, தகரத்தைச் சுரண்டுவது போல் கேட்டால் அளவு கூடிவிட்டது. இரண்டு படி இறக்குங்கள். எஃப்எம்மில் சத்தம் கூடக்கூட அலைவரிசை நடு எண்ணிலிருந்து இரண்டு பக்கமும் விலகும். 75 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் விலகினால் ரேடியோவின் வடிகட்டி அந்த ஓரத்தை வெட்டிவிடும். சிதறலுக்குக் காரணம் அதுதான், ஸ்பீக்கர் அல்ல.

கருவியில் குறைவாக வைத்து ஸ்டீரியோவில் கூட்டினால் பாட்டோடு உஸ்ஸும் சேர்ந்து பெருகும். "பாட்டுக்குப் பின்னால் இரைச்சல்" என்று சொல்பவர்களுக்கு முதலில் சொல்ல வேண்டியது இதைத்தான்.

பாட்டு கூர்மையாக, காதைக் குத்துவது போல் இருந்தால் ஸ்டீரியோவில் ட்ரெபிளை (உச்ச ஒலிகளின் அளவு) குறையுங்கள். எஃப்எம்மில் உச்ச ஒலிகளை அனுப்பும்போது தூக்கி, வாங்கும்போது அதே அளவு இறக்குவார்கள். இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் அதற்கான அளவு 50 மைக்ரோவிநாடி, அமெரிக்காவில் 75. எண் கூடினால் தூக்குவதும் இறக்குவதும் கூடும். அமெரிக்கச் சந்தைக்காகச் செய்த கருவி தூக்குவது அதிகம், நம் ரேடியோ இறக்குவது குறைவு.

இடமும் ஆன்டெனாவும்

கார் ஆன்டெனா எங்கே இருக்கிறது என்று வெளியே இறங்கிப் பாருங்கள். முன் கண்ணாடி ஓரத் தூணில் இழுத்து நீட்டும் ஆன்டெனா இருக்கும் பழைய கார்களில் இந்தக் கருவி நன்றாக வேலை செய்யும், தூரம் குறைவு. கூரையின் பின்புறமோ பின் கண்ணாடியிலோ இருந்தால், நடுவில் இரும்புக் கூரையும் இருக்கைகளும் மறைக்கும். சாக்கெட் கியருக்கு அடியில் குழிக்குள் இருந்தால் இன்னும் மோசம்.

இதற்கு எளிய வழி, சாக்கெட்டை நீட்டிக்கும் ஒரு மீட்டர் ஒயர். கருவியை இரண்டு முன் இருக்கைகளுக்கு நடுவில், கண்ணாடி மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். சில கருவிகளில் போன் சார்ஜ் ஒயரைச் செருகியதும் ஒலி தெளிவாகும். அந்த ஒயரே ஆன்டெனாவாகிவிடுகிறது. இழுத்து நீட்டும் ஆன்டெனாவாக இருந்தால் இரண்டு கணு உள்ளே தள்ளிப் பாருங்கள். வெளி நிலையங்கள் பலமிழக்கும், பக்கத்தில் இருக்கும் நம் கருவி அந்த அளவுக்கு இழக்காது. திருவிழா மைக்செட்டுக்குப் பக்கத்தில் காதோடு காதாகப் பேசுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மைக்செட்டைக் குறைத்தால் பேச்சு கேட்கும்.

ஸ்டீரியோவில் 'லோக்கல்' அல்லது 'எல்ஓசி' என்று ஒரு அமைப்பு இருந்தால் அதைப் போடுங்கள். பலங்குறைந்த தூரத்து நிலையங்களை விட்டுவிடும் அமைப்பு அது. 'ஏஎஃப்' என்று ஒன்று இருந்தால் அணையுங்கள். சிக்னல் குறைந்தால் வேறு எண்ணுக்குத் தானாகத் தாவும் வசதி அது, நமக்கு உபத்திரவம்.

சத்தத்தை வைத்துக் கோளாறைப் பிடிப்பது

ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் "கூய்ங்ங்" என்று ஏறி, விட்டால் இறங்கும் சத்தம் ஆல்டர்னேட்டரிலிருந்து வருகிறது. போன் கருவியிலேயே சார்ஜ் ஏறிக்கொண்டு, 3.5 மி.மீ. ஒயரிலும் இணைந்திருந்தால் இது பெரும்பாலும் வரும். பூமி இணைப்பு இரண்டு வழியாகச் சுற்றுகிறது. சார்ஜ் ஒயரைப் பிடுங்குங்கள். சத்தம் நின்றால் காரணம் அதுதான். ப்ளூடூத்துக்கு மாறுங்கள், அல்லது இந்தச் சுற்றை அறுக்கும் கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர் என்று கேட்டு வாங்கி 3.5 மி.மீ. ஒயரின் நடுவில் போடுங்கள்.

இன்ஜின் வேகத்தோடு மாறாத, விடாத கரகரப்பு என்றால் காருக்குள் இருக்கும் மற்ற மின்கருவிகள் மேல் சந்தேகப்படுங்கள். டேஷ்கேம், மலிவான யுஎஸ்பி சார்ஜர், வெளியில் மாட்டிய எல்இடி விளக்கு ஆகியவற்றின் உள்ளே இருக்கும் மின்மாற்றும் சுற்று எஃப்எம் பட்டை முழுவதும் இரைச்சலைக் கொட்டும். ஒவ்வொன்றாகப் பிடுங்கிக் கேட்டால் குற்றவாளி அகப்படும். பெரும்பாலும் டேஷ்கேம் சார்ஜர்.

பாட்டு விநாடிக்கு ஒரு முறை வெட்டி வெட்டி வந்தால் எஃப்எம் பக்கம் தேட வேண்டாம், ப்ளூடூத் அறுபடுகிறது. போன் பின்பாக்கெட்டில் இருந்தால் உடம்பு மறைக்கும். டேஷ்போர்டில் வையுங்கள்.

பென்டிரைவ் போடுகிறவர்களுக்கு

பெரும்பாலான கருவிகள் எஃப்ஏடி32 (FAT32) முறையில் ஃபார்மேட் செய்த, 32 ஜிபி வரையிலான பென்டிரைவையோ மெமரி கார்டையோதான் படிக்கும். 64 ஜிபி கார்டு கடையிலிருந்து எக்ஸ்ஃபேட் (exFAT) முறையில் வருவதால் கருவி அதைக் கண்டுகொள்ளாது. எம்பி3 கோப்புகளாகப் போடுங்கள். பாட்டு பெயர் வரிசையில் ஓடாமல், நீங்கள் ஏற்றிய வரிசையிலேயே ஓடும். வரிசை முக்கியமென்றால் கார்டை முழுக்கத் துடைத்துவிட்டு, ஒன்றன்பின் ஒன்றாக ஏற்றுங்கள்.

நிறுத்தும்போது

சில கார்களில் சாவியை எடுத்த பிறகும் சாக்கெட்டில் மின்சாரம் இருக்கும். சாவியை எடுத்ததும் கருவியின் விளக்கு அணைகிறதா என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள். அணையவில்லையென்றால் இறங்கும்போது பிடுங்குவதைப் பழக்கமாக்குங்கள். வாரக்கணக்கில் நிற்கும் வண்டியில், ஏற்கெனவே வயதான பேட்டரியை இந்தச் சின்ன இழுப்பும் படுக்க வைத்துவிடும். சித்திரை வெயிலில் மூடிய காருக்குள் விட்டுப்போனால் கருவியின் பிளாஸ்டிக் கழுத்து தளர்ந்து தலை தொங்கும்.

ஜப்பான் காராக இருந்தால்

இலங்கையில் ஓடும் ஜப்பானிய ரீகண்டிஷன் கார்களுக்கு (அங்கே ஓடி, பிறகு இறக்குமதியானவை) தனிக் கணக்கு. ஜப்பானில் எஃப்எம் பட்டை 76-இல் தொடங்குகிறது. அங்கேயே விற்ற பழைய ஸ்டீரியோக்கள் பலவும் 76 முதல் 90 வரைதான் பிடிக்கும். கருவி 87.5-க்குக் கீழே இறங்காது. இரண்டும் சந்திக்கும் இடம் 87.5 முதல் 90 வரை மட்டும். காலி எண்ணை அதற்குள் தேடுங்கள்.

உள்ளூர் நிலையங்களுக்காக ஆன்டெனா ஒயரில் பேண்ட் எக்ஸ்பாண்டர் (நிலையங்களின் எண்ணை ஸ்டீரியோ பிடிக்கும் அளவுக்கு இறக்கித் தரும் கருவி) பூட்டியிருந்தால் ஸ்டீரியோ காட்டும் எண் உண்மையான எண்ணாக இருக்காது. எக்ஸ்பாண்டர் 20 மெகாஹெர்ட்ஸ் இறக்கும் வகை என்றால், கருவியில் 104.2 வைத்து ஸ்டீரியோவில் 84.2 வைக்க வேண்டும். எவ்வளவு இறக்குகிறது என்று தெரியாவிட்டால் உங்களுக்கு எண் தெரிந்த உள்ளூர் நிலையம் ஒன்றைப் பிடித்து, அதன் எண்ணிலிருந்து ஸ்டீரியோ காட்டும் எண்ணைக் கழியுங்கள். அதே வித்தியாசத்தைக் கருவிக்கும் போட்டால் சரியாக வந்து உட்காரும்.